வாணிஜ்யகிராமத்து ஆனந்தர்

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர்களுக்கெனச் செதுக்கப்பெற்ற கற்படுக்கைகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. அவற்றை அளித்தோர் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மாங்குளத்தில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும், அழகர்மலையில் உப்பு வணிகர், கொழு வணிகர் முதலியோரும் இடம்பெறுகின்றனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்காடியில் அமர்ந்து பொருளீட்டிய அவர்கள், துறவறத்தாரைத் தாங்கிய இல்லறத்தார் ஆவர். இத்தகைய இல்லறத்தார்க்கெல்லாம் முன்னோடியாக ஆகமம் காட்டும் பெருமகனே வாணிஜ்யகிராமத்து ஆனந்தர்.

ஏழாவது அங்கமாகிய உபாசகதசாங்கம், பகவான் மகாவீரரின் இல்லறச் சீடர் பதின்மரின் வரலாறுகளைக் கூறுவது. அதன் முதல் அத்தியாயம் ஆனந்தருக்கு உரியது.

இன்றைய பீகார் மாநிலத்தில் வைசாலி நகரை அடுத்திருந்த ஊர் வாணிஜ்யகிராமம். ஜிதசத்ரு மன்னன் ஆட்சிக்குட்பட்ட அவ்வூரில் ஆனந்தரைப் போன்ற செல்வர் வேறொருவர் இலர். அவருக்குப் பன்னிரண்டு கோடிப் பொன் இருந்தது. நான்கு கோடி சேமநிதியாகவும், நான்கு கோடி வாணிபத்தில் இட்ட முதலாகவும், நான்கு கோடி மனை முதலிய உடைமைகளாகவும் இருந்தன. ஆநிரைகள் நான்கு, ஒவ்வொன்றிலும் 10,000 பசுக்கள். மன்னரும் வணிகரும் தம் செயல்களையும் மந்தணங்களையும் அவரிடம் கலந்தே முடிவு செய்தனர். நெற்களத்தின் நடுக்கம்பத்தைச் சுற்றியே பிணையல் மாடுகள் நடப்பதுபோல, அவரைப் பற்றிக்கொண்டே அவருடைய குடும்பம் இயங்கியதாக ஆகமம் உவமை கூறுகிறது. அவருடைய மனைவியார் சிவானந்தை.

ஒருநாள் பகவான் மகாவீரர் ஊருக்கு வடகிழக்கே இருந்த த்யுதிபலாசம் என்னும் சைத்தியத்தில் எழுந்தருளினார். செய்தியறிந்த ஆனந்தர் நீராடித் தூய ஆடை புனைந்து, கால்நடையாகவே சென்று வணங்கி அறவுரை கேட்டார். கேட்டபின், அவ்வறத்தில் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும், பலர் மனை துறந்து முனிவராயினும் தமக்கு அவ்வாற்றல் இல்லையென்றும் ஒளிக்காமல் தெரிவித்தார். இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களை மட்டும் ஏற்றுக்கொள்ள விழைந்தார். பகவானும் அதற்கு இசைந்தார்.

கொலை, பொய், களவு ஆகியவற்றைத் தூல நிலையில் கைவிட்டார். மனைவியார் ஒருவரிடத்தே மனநிறைவு கொண்டார். பின்னர்ப் பொருளுக்கு வரம்பு வகுத்தார். பன்னிரண்டு கோடிப் பொன், நான்கு ஆநிரைகள், ஏரொன்றுக்கு 100 நிவர்த்தனம் வீதம் 500 ஏர் நிலம், தொலைதூரப் பயணத்திற்கு 500 வண்டிகள், உள்ளூர்ச் சுமைக்கு 500 வண்டிகள், சில மரக்கலங்கள் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாமென உறுதி பூண்டார்.

இருந்ததையே எல்லையாக வைத்துக்கொண்டதில் துறவு எங்கே உள்ளது என்று வினவத் தோன்றலாம். ஆநிரையின் இயல்பை எண்ணினால் விடை புலப்படும். 40,000 பசுக்களும் ஆண்டுதோறும் கன்று ஈனும். இட்ட முதலும் ஆண்டுதோறும் வட்டி ஈனும். செல்வம் தானே பெருகிக்கொண்டிருக்க, அப்பெருக்கம் தமக்குரியதன்று என்று எல்லையிட்டதே ஆனந்தரின் விரதம். அன்று ஒரு நாளோடு முடியாமல், ஒவ்வொரு கன்று பிறக்கும்போதும் கைக்கொள்ள வேண்டிய விரதம் அது.

துய்க்கும் பொருள்களுக்கும் அளவு கண்டார். பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி, குளிக்க எட்டுக் குடம் நீர், உடுக்கப் பருத்தியாடை ஓரிணை, அணியக் காதணியும் பெயர் பொறித்த மோதிரமும், உண்ணக் கலமச் சாலியரிசிச் சோறு, இலையுதிர்காலத்துப் பசுநெய், பருக மழைநீர் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறித்து, ஏனையவற்றை விலக்கினார்.

விரதங்களை வழுவச்செய்யும் குற்றங்களையும் பகவான் அவருக்கு விளக்கினார். கொல்லாமை விரதத்தின் குற்றங்கள் ஐந்து: இறுகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவை ஐந்தும் தொழுவத்திலும் வண்டிப்பாதையிலும் அன்றாடம் நேரக்கூடியவை. கத்தியெடுத்துக் கொல்லாதவனும் கயிற்றாலும் சாட்டையாலும் கொல்லாமையை மீறலாம் என்பது ஆயிரம் வண்டிகளுக்கு உரியவர் மறவாமல் மனத்திற்கொள்ள வேண்டிய பாடமாயிற்று. விலக்கத்தக்க பதினைந்து தொழில்களுள் ஒன்று விலங்குகளின் உறுப்புகளைச் சிதைத்தல். மூக்குத் துளைத்தல், சூடிடுதல், காயடித்தல் ஆகியவை அதில் அடங்கும் எனப் பிற்கால நூல்கள் விரிக்கின்றன.

அவ்வாறே, கள்ளாமை விரதத்தின் குற்றங்கள் கடைத்தெருவுக்கு உரியவை. திருட்டுப் பொருளை வாங்குதல், கள்ளத் துலாக்கோலும் கள்ள அளவையும் வைத்தல், நல்ல சரக்கில் போலியைக் கலத்தல் ஆகியன அவற்றுட் சில. இவ்வாறு ஆனந்தரின் அறம் அவர் தொழிலை விட்டு விலகி நில்லாமல், தொழுவத்துக்குள்ளும் துலாத்தட்டுக்குள்ளும் புகுந்தது.

இல்லம் திரும்பிய ஆனந்தர் நிகழ்ந்தவற்றை மகிழ்வுடன் சிவானந்தைக்கு உரைத்து, அவரும் பகவானைத் தரிசிக்கலாமே என்றார். அம்மையாரும் தேரேறிச் சென்று அவ்விரதங்களை ஏற்றார்.

பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பதினைந்தாம் ஆண்டில் ஒரு நள்ளிரவில், ஊராரும் உறவினரும் ஓயாது நாடிவரும் நிலையில் அறத்தில் முழுமையாக ஈடுபட இயலவில்லையே என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. மறுநாள் சுற்றத்தாரை அழைத்து விருந்தளித்து, அவர்கள் முன்னிலையில் மூத்த மகனிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைத்தார். இனி உலகியல் செயல்களில் எவரும் தம்மைக் கலக்க வேண்டாமென்றும், தமக்கென உணவு சமைக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். பின்னர் அருகிலிருந்த கொல்லாக சன்னிவேசத்தின் பௌஷதசாலையை அடைந்து, இல்லறத்தார்க்குரிய பதினொரு பிரதிமைகளையும் முறைப்படி நிறைவேற்றினார். உடல் மெலிந்து நரம்பும் எலும்பும் தோன்றிய நிலையில் சல்லேகனை விரதம் மேற்கொண்டார். அத்தூய்மையால் அவருக்கு அவதிஞானம் பிறந்தது. கிழக்கு, தெற்கு, மேற்குத் திசைகளில் லவண சமுத்திரத்தில் 500 யோசனை வரையிலும், வடக்கே சிறு இமவான் மலை வரையிலும் அவருக்குப் புலனாயிற்று.

அந்நாளில் தலைமைக் கணதரரான கௌதம சுவாமி பிச்சைக்காக ஊருக்குள் வந்தார். ஆனந்தரின் நோன்பைப் பற்றி மக்கள் பேசுவதைக் கேட்டு அவரைக் காணச் சென்றார். எழ இயலாத ஆனந்தர், தம் தலையால் பாதம் தொட அருகில் வருமாறு வேண்டி வணங்கினார். பின்னர்த் தமக்கு வாய்த்த ஞானத்தின் எல்லையைக் கூறினார். இல்லறத்தார்க்கு அவதிஞானம் உண்டாகலாம், ஆயினும் இத்துணை விரிவாக உண்டாகாது என்றார் கௌதமர். அவ்வாறு கூறியதற்குக் கழுவாய் தேடுமாறும் பணித்தார். உண்மை உரைப்போர்க்கும் கழுவாய் உண்டோ என்று ஆனந்தர் பணிவுடன் வினவினார். இல்லையென விடை வந்தது. அவ்வாறாயின் கழுவாய் தேட வேண்டியவர் சுவாமிகளே என்று ஆனந்தர் எடுத்துரைத்தார்.

ஐயமுற்ற கௌதமர் பகவானிடம் மீண்டு நிகழ்ந்ததைத் தெரிவித்தார். ஆனந்தர் கூறியதே உண்மையென்றும், கௌதமரே சென்று பொறுத்தருள வேண்ட வேண்டுமென்றும் பகவான் அருளினார். முனிவர் கூட்டத்தின் தலைவர் மறுப்பேதுமின்றித் திரும்பிச் சென்று, தரைப்படுக்கையில் கிடந்த இல்லறத்தாரிடம் பிழைபொறுக்க வேண்டினார்.

இருபது ஆண்டுகள் சாவக நெறியில் நின்ற ஆனந்தர், ஒரு திங்கள் உண்ணா நோன்பிருந்து அமைதியாக உடல் நீத்தார். சௌதர்ம கல்பத்தில் தேவராகப் பிறந்த அவர், பின்னர் மகாவிதேகத்தில் வீடுபேறு எய்துவார் என்பது பகவானின் திருவாக்கு.

சம்வத்சரி நாளில் பெரியவர் சிறியவரிடமும், முதலாளி பணியாளரிடமும் மிச்சாமி துக்கடம் கூறிப் பொறுத்தல் வேண்டுகின்றோம். கௌதமர் ஆனந்தரிடம் சென்ற அந்த நடை நம் நினைவில் நிற்பதாக. அதற்கு ஈடாக, கடை திறக்கும் ஏனைய நாள்களில், ஆனந்தர் தம் செல்வத்திற்கு இட்ட எல்லையும் நம் நினைவில் நிற்பதாக.