வழித்துணையும் வழி தவறலும்

ஆங்கிலக் கவிதையைக் கல்லூரிப் பாடநூலின் வாயிலாக அறிந்த தமிழ் வாசகர் பலருக்கும் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் என்றதும் ஏரிக்கரையில் ஆடும் மஞ்சள் மலர்களே நினைவுக்கு வரும். பிறந்த மண்ணை விட்டு அகலாமல் மலையையும் ஏரியையும் பாடிக்கொண்டிருந்த முதியவர் என்ற தோற்றமே நம் மனத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் இருபது வயதில், ஒரு கோடைக்காலம் முழுவதும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றினூடே நடந்து திரிந்தவர். அந்தப் பயணத்தில் ஒரு நண்பர் அவருக்குத் துணையாக இருந்தார். ஒரு நாள் நண்பர் இருவரும் வழி தவறினர். அந்த நண்பரும் அந்த வழி தவறலும் அவருடைய கவிதைக்குள் உரிய இடம் பெறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தின் வரலாறு கவிஞர் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த மலைநாட்டின் விளிம்பிலுள்ள காக்கர்மவுத் என்னும் சிற்றூரில் 1770 ஏப்ரல் 7ஆம் நாள் வேர்ட்ஸ்வொர்த் பிறந்தார். எட்டு வயது நிறையுமுன் தாயையும், பதின்மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தார். தந்தை, லோதர் என்னும் பெருநிலக்கிழாரிடம் சட்ட அலுவலராகப் பணியாற்றியவர். அவருக்கு வரவேண்டியிருந்த நாலாயிரம் பவுனுக்கும் மேற்பட்ட தொகையை அந்த நிலக்கிழார் தம் இறுதிக் காலம்வரை கொடுக்கவே இல்லை. பிள்ளைகள் ஐவரும் உறவினர் தயவில் வளர நேர்ந்தது. ஒரே பெண்ணான டோரதி உடன்பிறந்தாரிடமிருந்து பிரிக்கப்பட்டு, வேறு இல்லங்களில் வளர்க்கப்பட்டார்.

1787இல் வில்லியம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்தார். தாய்வழி மாமன் ஒருவர் அக்கல்லூரியோடு தொடர்புடையவர். மருமகன் தேர்வில் சிறப்பிடம் பெற்றால் கல்லூரியிலேயே ஒரு நிலையான பதவி கிடைக்கும், குடும்பத்தின் பணக்கவலை ஓரளவேனும் தீரும் என்பது உறவினரின் கணக்கு. அந்தச் சிறப்பிடத்திற்கோ கணிதத்தை ஊன்றிப் படித்தாக வேண்டும். இறுதித் தேர்வுக்கு முந்திய கோடை விடுமுறையே அதற்குரிய காலம்.

1790ஆம் ஆண்டின் அந்தக் கோடை விடுமுறையில்தான் அவர் புத்தகங்களை மூடிவைத்துவிட்டுப் புறப்பட்டார். கல்லூரித் தோழரான ராபர்ட் ஜோன்ஸ் உடன் கிளம்பினார். ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியைச் சேர்ந்தவர். எளிதில் சினம் கொள்ளாதவர். இருவர் பையிலும் ஆளுக்கு ஏறத்தாழ இருபது பவுன் இருந்தது. உறவினர் எவரிடமும் வில்லியம் விடைபெறவில்லை. சொன்னால் பித்துக்கொள்ளித்தனம் என்று தடுப்பார்கள் என அவருக்குத் தெரியும். தம் உயிருக்கு உயிரான தங்கையிடம்கூட அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஜூலை 13ஆம் நாள் இருவரும் பிரான்சின் கேலே துறைமுகத்தில் இறங்கினர். பாஸ்டில் சிறை வீழ்ந்த முதலாண்டு நிறைவை மறுநாள் நாடு முழுவதும் கொண்டாட இருந்தது. தற்செயலாக அமைந்த இந்த நாளைப் பின்னாளில் அவர் மறக்கவே இல்லை. தலைநகர் பாரிசை ஒதுக்கிவிட்டு அவர்கள் தெற்கு நோக்கி நடந்தனர். வழியிலிருந்த சிற்றூர்களில் எல்லாம் தோரணங்களும் பூமாலைகளும் வாடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. சவோன் ஆற்றில் படகேறியபோது, பாரிஸ் விழாவில் கலந்துகொண்டு ஊர் திரும்பும் பிரதிநிதிகள் பலர் உடன் வந்தனர். இங்கிலாந்து விடுதலையின் மூத்த நாடு என்பதால் இளைஞர் இருவருக்கும் தனி மரியாதை கிடைத்தது. கரையிறங்கிய மாலைப்பொழுதுகளில் அவர்களோடு உண்டு, கைகோத்து ஆடினர்.

இருவரும் பயணத்திற்கென்றே ஒரே துணியில் மெல்லிய மேலங்கி தைத்து அணிந்திருந்தனர். கையில் ஓக் மரத்தடி, துணிமூட்டையோ தலைமேல். இந்தக் கோலத்தைக் கண்ட ஊரார் சிரித்தனர். அச்சிரிப்பை இவர்களும் ரசித்தனர். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் தனித்திருந்த கிராண்ட் சார்ட்ரூஸ் துறவி மடத்தில் ஆகஸ்டு தொடக்கத்தில் இரண்டு நாட்கள் தங்கினர். பேச்சைத் துறந்த அத்துறவிகள் இரண்டே ஆண்டுகளில், 1792இல், அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர்.

பின்னர் ஜெனீவா ஏரிக்கரை வழியே மோன்பிளாங் சிகரத்தின் அடிவாரத்தை அடைந்தனர். ஆண்டுக்கணக்காகக் கற்பனையில் வளர்த்திருந்த சிகரம் கண்ணெதிரே நின்றபோது வேர்ட்ஸ்வொர்த்தின் உள்ளத்தில் மகிழ்ச்சிக்கு மாறாக ஓர் இழப்புணர்வே எழுந்தது. மனத்தில் உயிரோடிருந்த மலையைக் கண்ணில் பட்ட மலை வெளியேற்றிவிட்டது. எனினும் ஷமோனி பள்ளத்தாக்கின் பனியாறுகள் அந்தக் குறையை ஒருவாறு ஈடுசெய்தன.

இதனினும் பெரிய ஏமாற்றம் சில நாட்களில் காத்திருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குச் செல்லும் சிம்ப்ளான் கணவாய் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுடையது. அதைக் கடக்கும் கணமே பயணத்தின் உச்சமாக இருக்கும் என்று நண்பர் இருவரும் எதிர்பார்த்திருந்தனர். ஆகஸ்டு நடுவில் ஒரு நாள், கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்வோர் சிலருடன் சேர்ந்து மலை ஏறினர். நண்பகலில் ஒரு விடுதியில் அனைவரும் உணவருந்தினர். கழுதைக்காரர்கள் முந்திக் கிளம்பிவிட்டனர். இவர்கள் சற்றுப் பிந்தினர். பாதை ஓர் ஓடையில் இறங்கி நின்றது. எதிர்க்கரையில் ஓர் ஒற்றையடிப் பாதை மேல்நோக்கிச் செல்வது தெரிந்தது. சிகரம் மேலே இருக்கும் என்ற எண்ணத்தில் இருந்தவர்கள் ஐயமின்றி அதில் ஏறினர்.

நெடுநேரம் ஏறியும் முன்சென்றோரைக் காணவில்லை. எதிரே வந்த குடியானவர் ஒருவரை வினவினர். ஓடைக்கே திரும்பிச் செல்ல வேண்டும், அங்கிருந்து நீரோடும் திசையில் கீழே இறங்க வேண்டும் என்றார் அவர். நம்ப மனமில்லாமல் மீண்டும் மீண்டும் கேட்டனர். எத்தனை முறை கேட்டாலும் விடையின் பொருள் ஒன்றே: இனி ஏற்றமில்லை, ஆல்ப்ஸ் மலையை அவர்கள் அறியாமலே கடந்துவிட்டிருந்தனர். வேறு பேச்சின்றி இருவரும் கோண்டோ மலையிடுக்கின் வழியே இறங்கினர். இருபுறமும் செங்குத்துப் பாறைகள், வீழும் அருவிகள், குறுகிய வானம். அன்றிரவு தங்கிய பெரிய இருண்ட கட்டடத்தில் நீரின் இரைச்சல் உறங்கவிடவில்லை.

இத்தாலிய ஏரிகளில் இன்னொரு பிழை நேர்ந்தது. கோமோ ஏரிக்கரையிலுள்ள கிராவெடோனாவில் தங்கிய இரவு, தேவாலயக் கடிகாரம் மணி அடிக்கும் முறை புரியாமல், விடியல் நெருங்கிவிட்டது என்று எண்ணி நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்திலேயே கிளம்பிவிட்டனர். காட்டில் வழி தெரியாமல் ஒரு பாறைமேல் அமர்ந்து, பூச்சிக்கடியைப் பொறுத்துக்கொண்டு விடியலுக்காகக் காத்திருந்தனர்.

செப்டம்பர் 6ஆம் நாள், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலிருந்து டோரதிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினார். அதுவரை தமக்கான செலவு பன்னிரண்டு பவுனைத் தாண்டவில்லை என்று பெருமையோடு தெரிவித்தார். கடிதம் முழுதும் இடைவிடாத மகிழ்ச்சியே நிறைந்திருந்தது. பின்னர் பாசல் நகரில் ஒரு படகை வாங்கி, ரைன் நதியில் கொலோன்வரை மிதந்து சென்றனர். ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் கொந்தளித்துக்கொண்டிருந்த இன்றைய பெல்ஜியப் பகுதியைக் கடந்து அக்டோபரில் நாடு திரும்பினர். மொத்தப் பயணம் ஏறத்தாழ 3,000 மைல் என்றும், அதில் 2,000 மைல் நடை என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிட்டுள்ளனர். 1791 ஜனவரியில் அவர் பட்டம் பெற்றார், சிறப்பிடம் ஏதுமில்லை. உறவினரின் கணக்கு பொய்த்தது.

இனிக் கவிதைக்கு வருவோம். இப்பயணத்தைப் பொருளாகக் கொண்ட அவருடைய முதல் நெடுங்கவிதை 'டிஸ்கிரிப்டிவ் ஸ்கெச்சஸ்' 1793இல் வெளிவந்தது. அதை ஜோன்சுக்கே காணிக்கையாக்கினார். தோளோடு தோள் நடந்த நட்பின் நெருக்கத்தை அக்காணிக்கையுரை பேசுகிறது. ஆனால் உரையைத் தாண்டிக் கவிதைக்குள் நுழைந்தால், அங்கே ஜோன்ஸ் இல்லை. துயரம் சுமந்த தனி வழிப்போக்கன் ஒருவனே மலைகளிடையே அலைகிறான். தங்கைக்கு எழுதிய மகிழ்ச்சியும் இல்லை. சிம்ப்ளானில் வழி தவறிய நிகழ்ச்சியும் இல்லை. அக்காலத்து ஆங்கிலக் கவிதையில் மலைகளிடையே நடப்பவன் தனியனாகவும் துயருற்றவனாகவும் இருப்பது மரபு. அந்த மரபுக்கு ஏற்பத் தம் அனுபவத்தைத் திருத்தி எழுதிவிட்டார் இளங்கவிஞர். நூலில் ஆற்றல் இல்லாமலில்லை. மாணவராயிருந்த கோல்ரிட்ஜ் அதைப் படித்து, புதியதொரு மேதை தோன்றியிருப்பதை உணர்ந்தார். எனினும் நண்பரோடு நடந்த அந்த இருபது வயது இளைஞரை அதில் காண இயலாது.

அடுத்த பத்தாண்டுகள் அவரைப் புடம்போட்டன. 1791இன் இறுதியில் மீண்டும் பிரான்சு சென்றார். அங்கே ஆனெத் வல்லோன் என்னும் பெண்ணைக் காதலித்தார். 1792 டிசம்பரில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அதற்குள் அவர் இங்கிலாந்து திரும்ப நேர்ந்தது. 1793இல் மூண்ட போர் அவர்களைப் பிரித்தது. விடுதலையின் பெயரால் நடந்த கொலைகள், 1798இல் சுவிட்சர்லாந்தின்மீது பிரெஞ்சுப் படையெடுப்பு எனத் தாம் ஆடிப்பாடி வரவேற்ற புரட்சி திசைமாறியதைக் கண்டார். 1802இல் அமைதி உடன்படிக்கையின் இடைவெளியில், காதலியையும் மகளையும் காணத் தங்கை டோரதியுடன் கேலே சென்றார். அதே சாலையில் பழைய ஆரவாரம் இல்லை. அப்போது அவர் எழுதிய ஒரு பதினான்கடிப் பாடல் ஜோன்சையே விளித்துப் பேசுகிறது. முன்பு முன்னுரையில் நின்ற நண்பர் இப்போது பாடலுக்குள்ளேயே அழைக்கப்பட்டார்.

1804ஆம் ஆண்டு கிராஸ்மியர் இல்லத்தில், தம் உள்ளத்தின் வளர்ச்சியைக் கூறும் பெருங்கவிதையின் ஆறாம் பகுதியை எழுதும்போதுதான் சிம்ப்ளான் நிகழ்ச்சி முதன்முதலாக முழுமையாக வெளிப்பட்டது. இப்போது கவிதையில் நடப்பவர்கள் இருவர். விடுதி உணவு, முந்திச் சென்ற கழுதைக்காரர், தவறான பாதை, குடியானவரின் விடை யாவும் மறைவின்றி வருகின்றன. அந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடித்த இடத்தில் கதை திடீரென நின்று, கவிஞர் தம் கற்பனையாற்றலை நோக்கிப் பேசத் தொடங்குகிறார். மலைமுகடு தர இயலாத ஒன்றை மனத்தின் வேட்கை ஏந்தியிருந்தது. அந்த வேட்கைக்கு எல்லையில்லை என்பதே அதன் பெருமை என்று அவர் கண்டுகொண்டார். அதன் பின்னரே கோண்டோ மலையிடுக்கின் அருவிகளும் பாறைகளும் ஒரே முகத்தின் தோற்றங்களாகக் கவிதையில் ஒளிபெறுகின்றன.

உச்சியை அறியாமலே கடந்துவிடுவது என்றால் என்ன என்பதை இருபது வயதில் அவர் மலைமீது அறிந்தார். தம் தலைமுறையின் நம்பிக்கையும் அவ்வாறே ஓர் உச்சியைக் கடந்து சரிந்ததை முப்பது வயதுக்குள் அறிந்தார். இரண்டாவது அறிவு வந்த பின்னரே முதலாவது பொருள் பெற்றது என்றே தோன்றுகிறது. வெட்கத்தால் மறைத்த வழி தவறலை ஒளிக்காமல் எழுதியபோது அது கவிதையாயிற்று.

1820இல், ஐம்பதாம் வயதில், மனைவி மேரியுடனும் டோரதியுடனும் அவர் அதே மலைக்கு மீண்டும் சென்றார். அதற்குள் நெப்போலியன் அமைத்த அகன்ற சாலை கணவாயினூடே சென்றது. வழி தவற இனி வாய்ப்பில்லை. ஆயினும் இளமையில் தம்மை ஏமாற்றிய அந்த ஒற்றையடிப் பாதையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதைக் கண்டு அவர் நெகிழ்ந்ததை டோரதி தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

ராபர்ட் ஜோன்ஸ் சமயக் குருவாகி, பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துச் சோல்டர்ன் என்னும் சிற்றூரில் திருப்பணி செய்தார். 1791இல் வேல்ஸில் ஸ்னோடன் மலைமீது நண்பரோடு இரவில் ஏறியவரும் அவரே. அந்த ஏற்றம் பெருங்கவிதையின் இறுதிப் பகுதியானது. அவருடைய இயல்பை வைத்து வேர்ட்ஸ்வொர்த் 1800இல் ஒரு சிறு கவிதையும் வெளியிட்டார். கவிஞராகப் பெயர் பெறாத அம்மனிதர் 1835இல் காலமானார். வேர்ட்ஸ்வொர்த் 1850 ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்தார். அதுவரை அச்சேறாதிருந்த பெருங்கவிதை, துணைவியார் மேரி சூட்டிய 'தி பிரெலூட்' என்னும் தலைப்புடன் அதே ஆண்டில் வெளிவந்தது. தாம் உடன் நடந்த பாதை அச்சில் நிலைபெற்றதைக் காண ஜோன்ஸ் உயிருடன் இல்லை.

கவிஞர்கள் கூடிப் பத்தாண்டுகள் நடந்துவந்த ஓர் அமைப்பின் மலரில் இந்த வரலாற்றை நினைப்பது பொருத்தமே. கவிதையில் தனியாக நடப்பதாகக் காட்டிக்கொள்வது எளிது. நம்மோடு தலைச்சுமையுடன் நடந்து, நாம் வழி தவறியபோது தாமும் தவறி, குறை கூறாமல் திரும்பி வந்தவர் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் இருக்கக்கூடும். அவருக்குரிய இடம் காணிக்கைப் பக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை.