பில்ரோத்தின் கணக்கேடு

மருத்துவ மாணவனாகிய நான் சென்ற ஆண்டு ஒரு பெரியவரைக் கண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தனர். நோய் தீர்ந்தது என்றெண்ணி அவர் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இப்போது அது நுரையீரலில் தோன்றியிருந்தது. சிறு உமிழ்நீர்ச் சுரப்பியில் எழும் அரிய புற்றுநோய் அது. அதன் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தேன். சல்லடை போலத் துளை துளையாய்த் தெரிந்தது. இந்நோய்க்கு முன்னாளில் ‘சிலிண்ட்ரோமா’ என்று பெயரிட்டவரைத் தேடினேன். அவர்தாம் தியோடர் பில்ரோத்.

1829-இல் பால்டிக் கடலிலுள்ள ரூகன் தீவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். உள்ளம் இசையை நாடியது. குடும்பமோ மருத்துவத்தைக் காட்டியது. மருத்துவரானார்; ஆயினும் இசையை விடவில்லை. இசைமேதை பிராம்ஸ் அவருடைய உற்ற நண்பர். 1850-களில் பெர்லினில் துணை மருத்துவராய் இருந்தபோது, கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உருளை வடிவங்களைக் கண்டே அப்பெயரை இட்டார்.

1860-இல் ஜூரிச்சிலும், 1867-இல் வியன்னாவிலும் பேராசிரியரானார். 1881-இல் புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை அகற்றி வெற்றி கண்டார். உலகம் வியந்தது. அந்தப் பெண்மணியோ சில மாதங்களே வாழ்ந்தார்; நோய் திரும்பிவிட்டது. பில்ரோத் இத்தகைய முடிவுகளை மறைத்தவர் அல்லர். பிழைத்தவர்களோடு இறந்தவர்களையும் எண்ணி நூலாக வெளியிட்டார். வீடு திரும்பியவர் பின்னர் என்ன ஆனார் என்றும் விசாரித்தார். 1894-இல் மறைந்தார்.

அவர் பெயரிட்ட நோய்க்கு அந்தக் கணக்கேடே தேவை. அது மெல்ல வளரும். நரம்பின் வழியே ஊரும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பும். ஊசியால் திசு எடுத்து நோயை அறிகிறோம். கட்டியைச் சுற்றிலும் அகலமாய் அறுத்து நீக்குகிறோம். பெரும்பாலும் கதிர்வீச்சும் அளிக்கிறோம். மருந்துகள் இதில் அதிகம் உதவுவதில்லை. ஆகவே கண்காணிப்பு ஓயக்கூடாது.

தோழர்களே, காதின் அருகிலோ அண்ணத்திலோ கட்டி தோன்றினால், வலி இல்லையே என்று வாளாவிருக்காதீர்கள். நான் என் குறிப்பேட்டில் அந்தப் பெரியவரின் கதையை எழுதி வைத்திருக்கிறேன். வெற்றிகளை மட்டுமே எழுதிவந்த ஏடு அது.