இரு நோய்களைப் பிரித்தறிந்த அர்ராஸி

ராஸி என்றதும் நம்மில் பலருக்கு தப்ஸீர் கலை மேதை இமாம் பக்ருத்தீன் ராஸி நினைவுக்கு வருவார். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர், இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள அதே ரை நகரில் இன்னொரு ராஸி வாழ்ந்தார். அவர்தான் வைத்திய மேதை அபூபக்ர் முஹம்மத் பின் ஸகரிய்யா அர்ராஸி.

கி.பி. 865 அளவில் பிறந்த இவர், ரை நகரிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கினார். நோயாளி வந்தால் முதலில் புதிய மாணவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்கு விளங்காவிட்டால் மூத்த மாணவர்கள் பார்ப்பார்கள். அவர்களும் தடுமாறினால்தான் ராஸி பேசுவார். ஏழைகளிடம் மிகுந்த இரக்கம் காட்டினார்.

அக்காலத்தில் பெரியம்மை பேரழிவு நோய். சின்னமுத்தும் அதுவும் காய்ச்சலோடு தொடங்கி உடலெங்கும் தடிப்பை உண்டாக்குவதால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ராஸி இரண்டையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். முதுகுவலி பெரியம்மையில் அதிகம் என்றும், குமட்டலும் மனப்பதற்றமும் சின்னமுத்தில் அதிகம் என்றும் குறித்தார். வைரஸ் பற்றி அன்று எவரும் அறியார். நோய்க்கு அவர் சொன்ன காரணம் இரத்தத்தின் கொதிப்பு, அது பிழைத்தது. ஆனால் நோயாளியின் படுக்கையருகே கண்டறிந்த வேறுபாடு நிலைத்தது.

பெரும் வைத்தியரான ஜாலினூஸின் கருத்துகளையே கேள்விக்குட்படுத்தி ஒரு நூல் எழுதிய துணிவும் அவருக்கு இருந்தது. முதுமையில் பார்வையை இழந்து, 925 அளவில் ரை நகரிலேயே காலமானார். அவரது குறிப்புகளை மாணவர்கள் தொகுத்த அல்ஹாவி 1279இல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது.

அவர் பிரித்துக் காட்டிய இரண்டும் வெவ்வேறு வைரஸ் குடும்பங்களால் வருபவை என்பதை நவீன விஞ்ஞானம் உறுதி செய்தது. ஆயினும் தடுமாற்றம் தீரவில்லை. 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய உலகின் கடைசி நோயாளிக்கு, முதலில் மலேரியா என்றும் பின்னர் கொப்புளிப்பான் என்றுமே சொல்லப்பட்டது. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்று அதே குடும்பத்தின் குரங்கம்மை பரவுகிறது. கொப்புளத்திலிருந்து எடுக்கும் மாதிரியை பிசிஆர் மூலம் சோதிப்பதே நம்பகமான வழி. கொவிட் காலத்து அன்டிஜன் பரிசோதனை போல, வைரஸின் புரதங்களைப் பிடித்து நிமிடங்களில் விடை தரும் கருவிகளுக்கான முயற்சியும் நடக்கிறது. ஆய்வுகூடம் தூரத்திலுள்ள ஊர்களுக்கு அது பேருதவியாகும்.

காய்ச்சலும் கொப்புளமும் கண்டால் இன்ன நோய் என்று நாமே முடிவு கட்டாமல் வைத்தியரிடம் காட்டுவோம். சிகிச்சைக்கு முன் நோயைச் சரியாக இனங்காண வேண்டும் என்பதே ராஸியின் வாழ்வு தரும் பாடம்.