முத்துப் பார்களின் காவலர் ஜேம்ஸ் ஹார்னெல்

கொற்கை முத்தின் பெருமையைப் பேசாத தமிழர் இல்லை. ஆனால் அம்முத்தை ஈன்ற கடலடிப் பார்கள் சில ஆண்டுகள் கோடிக்கணக்கில் சிப்பிகளை வழங்கிவிட்டு, பின்னர் பல ஆண்டுகள் மலடாய்க் கிடப்பதன் காரணம் யாது என்று ஆராய்ந்தவர் யார் எனக் கேட்டால், நம்மில் பலர் வாய் திறக்கமாட்டோம். அவர் தமிழரல்லர், நம்மை ஆண்ட அந்நியச் சர்க்காரின் உத்தியோகஸ்தர். எனினும், துறைமுகமும் தொழிற்சாலைகளும் பெருகிவரும் இன்றைய தூத்துக்குடியை எண்ணுவோர், ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அவ்வறிஞரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது அவசியமாகும்.

1865-ஆம் ஆண்டில் பிறந்த ஹார்னெல், ஜெர்ஸித் தீவில் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து பயிற்சி பெற்றவர். அக்காலத்தில் இலங்கைச் சர்க்காருக்கு ஒரு பெருங்கவலை இருந்தது. மன்னார்க் கடலின் இலங்கைப் பக்கத்தில் 1891-க்குப் பின் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. இதன் காரணத்தை ஆராய லிவர்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-ல் வரவழைக்கப்பட்டார். அவருக்குத் துணைவராக வந்தவர் ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பினார். துணைவரோ இங்கேயே தங்கிப் பார்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1903 முதல் 1906 வரையில் ஐந்து பெரிய தொகுதிகள் வெளிவந்தன.

அவ்வாராய்ச்சியால் தெளிவான உண்மைகள் பல. முத்துச் சிப்பி மழைத்துளியை ஏந்தி முத்தாக்கும் அற்புதப் பொருளன்று. பிறந்து, வளர்ந்து, மூத்து, மடியும் ஓர் உயிர். அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து, பற்றிக்கொள்ளப் பாறையோ கல்லோ கிடைத்தால்தான் பிழைக்கும். பெருங்காற்றில் புரண்டு வரும் மணல் ஒரு பாரையே மூடிவிடக்கூடும். திருக்கையும் கிளாத்தியும் சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாய்த் தின்றுவிடும். இவ்வளவுக்கும் தப்பிய சிப்பி நான்கைந்து ஆண்டுகளில் முதிர்ச்சி அடையும். அதன்பின் நெடுங்காலம் விட்டுவைத்தால் தானே மடியும். எனவே, இளஞ்சிப்பியை வாரி எடுப்பது எவ்வளவு பிழையோ, முதிர்ந்த சிப்பியை எடுக்காது விடுவதும் அவ்வளவு வீணாகும். பருவமறிந்து எடுப்பதே பாதுகாப்பு என்பது இதனால் விளங்கும்.

இந்த அறிவு கைக்கு வந்த அதே சமயத்தில் பேராசையும் வந்து சேர்ந்தது. 1903-ல் இலங்கைப் பார்கள் மீண்டும் விளைந்தன. 1905-ல் ஒரே பருவத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. சர்க்காருக்கு 25 லக்ஷம் ரூபாய் வருமானம் கிடைத்தது. இச்செல்வத்தைக் கண்டு மயங்கிய லண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனி அமைத்து, 1906 முதல் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகையாகப் பெற்றார்கள். ஆண்டுதோறும் சர்க்காருக்குக் குத்தகைப் பணம் செலுத்தியாக வேண்டும். கடலோ ஆண்டுதோறும் விளைவதாக ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1925 வரையில் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்கள் வறண்டதற்கு இயற்கையின் செயலும் ஒரு காரணமாகும். ஆனால் நல்ல ஆண்டின் வருமானத்தை எல்லா ஆண்டுக்கும் உரியதாகக் கணக்கிட்டது மனிதரின் பிழையே.

அதே 1906-ல் மன்னார்க் கடலின் இக்கரையில், தூத்துக்குடியில், வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே கடலை முன்னிட்டு, ஒரே ஆண்டில், இரு கம்பெனிகள். ஒன்று நாட்டார் தம் கடலில் தாமே தொழில் நடத்தும் உரிமைக்காகப் பிறந்தது. மற்றொன்று பிறர் கடலின் விளைவைக் குத்தகையெடுத்து லாபம் காணப் பிறந்தது. முன்னதை அந்நிய ஆட்சி நசுக்கியது. பின்னது தன் பேராசையாலேயே கவிழ்ந்தது.

ஹார்னெல் 1904-ல் தூத்துக்குடிப் பார்களையும் பார்வையிட்டு, மறு ஆண்டில் சென்னைச் சர்க்காருக்கு அறிக்கை சமர்ப்பித்தார். சில ஆண்டுகளுக்குள் சென்னை ராஜதானியின் மீன்துறையில் சேர்ந்து, முத்து, சங்கு இவற்றின் மேற்பார்வையாளராகி, பின்னர் 1918 முதல் 1924 வரை அத்துறையின் தலைவராக விளங்கினார். வங்காளத்து வளையல் தொழிலுக்குப் போகும் தூத்துக்குடிச் சங்கைப் பற்றி 1914-ல் அவர் எழுதிய நூலும், இந்திய முத்துக்குளிப்பைப் பற்றி 1922-ல் எழுதிய நூலும் இன்றும் பயன்படுவன. நம் தோணிகளையும் கட்டுமரங்களையும் பழமையின் மிச்சமென்று இகழாது, அவற்றின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து உலகறியச் செய்தவரும் அவரே. ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வாராய்ச்சியை விடாது, நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றிய பெருநூலை 1946-ல் வெளியிட்டு, 1949-ல் காலமானார்.

அவருடைய முறையின் சாரம் எளிதானது. முதலில் பாரைப் பார், சிப்பியை எண்ணு, வயதை அறி, மாதிரி எடுத்து முத்தின் மதிப்பைக் கணி, அதன் பின்னரே குளிப்புக்கு நாள் குறி. சிறு சங்கு அகப்பட்டால் அதைக் கடலுக்கே திருப்பிக் கொடுப்பது சங்குத் தொழிலின் விதி. இவற்றுக்குத் துணையாயிருந்தது பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள் ஆகிய குளியாட்களின் தலைமுறை அறிவு.

ஆனால் அவர் பணிபுரிந்த ஆட்சியின் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கி உயிரைப் பணயம் வைத்து மூழ்கிய குளியாளுக்குக் கிடைத்தது எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு. இரண்டு பங்கு சர்க்காருக்கு. பாரைக் காத்த ஆட்சி, பாரை நம்பிய மக்களைக் காக்க அவ்வளவு கருத்துச் செலுத்தவில்லை. கடலை வருமானமாக மட்டும் கண்ட கண்ணுக்குக் கடற்கரைக் குடிகள் தெரியாமற் போனதில் வியப்பில்லை.

பிறகு நடந்ததற்கு அந்நியரைக் குறை கூற இயலாது. சுயராஜ்யம் வந்தபின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பெருங்குளிப்பு என்பதே இல்லை. 1973-ல் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் செயற்கை முறையில் முத்து விளைவித்து வெற்றி கண்டனர். ஆயினும் பழைய பார்கள் உயிர் பெறவில்லை. 1974-ல் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. அனல்மின் நிலையமும் ஆலைகளும் எழுந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகள் வெட்டப்பட்டன. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிப்போனது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பவளத்தை வெட்டுவதற்கு 2001-ல் சட்டம் தடை விதித்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் தீவு மூழ்கத் தொடங்கிய பிறகு விதிக்கும் தடை, நோய் முற்றிய பிறகு அழைக்கும் வைத்தியர் போன்றதே.

துறைமுகம் வேண்டாமென்று எவரும் கூறார். சிதம்பரனார் கனவு கண்ட கப்பல்கள் வந்து சேரும் துறை அது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஆனால் அத்துறைக்கு அருகிலேயே பவளமும் சங்கும் மீனும் வாழ்கின்றன. அவற்றை நம்பி வலை வீசுவோரும் வாழ்கின்றனர். புதிய கப்பல்துறைக்கும் புதிய ஆலைக்கும் வரவு செலவுத் திட்டம் எழுதுவோர், கடலடியின் கணக்கையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். எண்ணாமல் எடுக்காதே என்பதே முத்துப் பார்களில் ஹார்னெல் கைக்கொண்ட நெறி. எண்ணும் கடமை அன்று அந்நிய உத்தியோகஸ்தர் ஒருவருடையதாக இருந்தது. இன்று அது நம்முடையது.