கரியில் ஓடிய பஸ்: டி.வி.சுந்தரம் அய்யங்கார்

ரயில் நிலையம் இருக்கும் மேல வெளி வீதியில் டி.வி.எஸ். கட்டடத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். டி.வி.எஸ். நகர், டி.வி.எஸ். பள்ளி என்று அந்த மூன்றெழுத்து நம் ஊர்ப் பேச்சில் ஊறிப்போனது. அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இந்தக் காலாண்டு இதழில் அவரைப் பற்றிப் பார்ப்போம். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்களும், அதில் இதை மாற்றலாமா, அதைப் பொருத்தலாமா என்று யோசிப்பவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

சம்பளத்தை விட்டு வந்தவர்

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ல் திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயரின் முதல் எழுத்தான ‘டி’ அந்த ஊரைக் குறிப்பது. அப்பாவின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன்பின் வங்கியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகங்கள். அவற்றை விட்டுவிட்டு, 1911-ல், 34 வயதில், டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மதுரையில் அவருடைய பஸ் ஓடியது. குடும்பஸ்தர் ஒருவர் இன்றைக்கு இப்படி ஒரு முடிவெடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்றைய சாலைகள் மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் போட்டவை. வெயில் காலத்தில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. மோட்டார் வண்டியோ வேறு நாட்டுச் சாலைகளுக்காகச் செய்யப்பட்டு, கப்பலில் வந்து இறங்கியது. பெரும்பாலும் சேசிஸ் மட்டும் வரும், பாடியை இங்கே மரத்தில் கட்டுவார்கள். ஆக, அந்தக் காலத்தில் வண்டி வாங்குவது என்றாலே அதை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றுவதையும் சேர்த்துத்தான்.

இதில் பெரிய தலைவலி லாட ஆணி. மாட்டின் காலிலிருந்தும் குதிரையின் காலிலிருந்தும் கழன்று விழும் ஆணிகள் டயரைப் பதம் பார்த்துவிடும். ஒரு பஞ்சர் ஆனால் பின்னால் வரும் நேரக்கணக்கு முழுவதும் குழம்பிவிடும். அதனால் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கி எடுக்க அவர் ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வோம் என்று பழைய ஆட்கள் பேசுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டிருப்பீர்கள்.

பெட்ரோல் இல்லாத நாட்கள்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் ஜப்பான் ராணுவம் மலேயாவையும் பர்மாவையும் பிடித்தது. மலேயா போனதால் ரப்பர் போயிற்று. பர்மா போனதால் எண்ணெய் போயிற்று. இருந்த பெட்ரோலில் ராணுவத்துக்குத்தான் முதல் உரிமை, மற்றவர்களுக்கு ரேஷன். சென்னை மாகாணத்தில் கடுமையான தட்டுப்பாடு. பஸ்ஸை நம்பித் தொழில் நடத்துபவருக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லார் வீட்டிலும் அடுப்பு அணையும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போக வேண்டிய ஜனங்களும் ஊரிலேயே முடங்கிப்போவார்கள்.

அப்போது சுந்தரம் அய்யங்கார் செய்தது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட். கரியிலிருந்து வாயு எடுத்து, அதை வைத்து என்ஜினை ஓட்டும் சாதனம். ‘கரி பஸ்’ என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருந்தால், அது இந்த வகை வண்டிதான்.

கரிவாயு வண்டி வேலை செய்யும் விதம் இதுதான். வண்டியில் ஓர் உயரமான இரும்பு உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதில் மரக்கரியைக் கொட்டி, குறைந்த அளவு காற்று மட்டும் போகும்படி எரிப்பார்கள். காற்று போதாததால் கரி முழுவதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு என்ற எரியும் வாயு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலைவிட இந்த வாயு மெதுவாக எரியும். ஆகவே இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளிவைக்க வேண்டும்.

இதில் சிரமங்களும் உண்டு. சாவியைத் திருகியதும் கிளம்ப முடியாது. கரியை மூட்டி, கையால் சுற்றும் விசிறியால் ஊதி, வாயு நன்றாக வரும்வரை காத்திருக்க வேண்டும். என்ஜின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும், ஏற்றத்தில் திணறும். தினமும் சாம்பல் அள்ள வேண்டும், ஃபில்டர் சுத்தம் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வாயு கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். இத்தனை தொல்லைக்கும் கிடைத்த பலன் ஒன்று: பஸ் ஓடியது.

டயருக்கும் அவர் வழி தேடினார். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் தொழிற்சாலையைத் தொடங்கினார். இன்றும் லாரி ஷெட்டுகளில் ‘ரீபட்டன்’ என்று சொல்கிறார்களே, அந்த வேலை.

இத்தாலியிலும் இதே கதை

உங்கள் பையன் அறையில் லம்போர்கினி படம் ஒட்டியிருந்தால், அவனிடம் இதைச் சொல்லுங்கள். டிரைவருக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் என்ஜின் வைத்த கார்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது 1966-ல் வந்த லம்போர்கினி மியூரா. அந்த நிறுவனத்தை நிறுவிய ஃபெருச்சியோ லம்போர்கினி ஆரம்பத்தில் செய்தது டிராக்டர். போர் முடிந்த இத்தாலியில் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளின் பாகங்களை வைத்து டிராக்டர் கட்டினார். பெட்ரோல் விலை அதிகம் என்பதால், பெட்ரோலில் கிளப்பி, பிறகு மலிவான டீசலுக்கு மாறும்படி என்ஜினை மாற்றியமைத்தார். அவருக்கும் சில ஆண்டுகள் முன்பாக, அதே எரிபொருள் நெருக்கடிக்கு நம் மதுரைக்காரர் கரியை வைத்து வழி கண்டுவிட்டார்.

குடும்பமும் தொழிலும்

அவர் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண் வீட்டு மூலையில் உட்கார வேண்டும் என்று இருந்த காலம். அவர் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். திண்டுக்கல் சாலையில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்தால், அதற்கும் மேல வெளி வீதிக்கும் உள்ள உறவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மகன்கள் தொழிலைப் பெருக்கினார்கள். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவை அவர் காலத்திலேயே வந்துவிட்டன. வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் சுந்தரம் ஃபைனான்ஸை 1954-ல் மகன் சந்தானம் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28 அன்று, கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். நம்மில் பலர் ஓட்டிப் பழகிய டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல், அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் வளர்த்த பஸ் தொழில் 1972-ல் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயிற்று. இன்று நீங்கள் ஏறும் மதுரைக் கோட்ட அரசு பஸ்ஸின் பரம்பரையும் அங்கேதான் போய் முடிகிறது.

நம் பார்க்கிங்குக்கு வருவோம்

நம் குடியிருப்பிலும் வண்டிப் பிரியர்கள் இருக்கிறார்கள். ஆசையாக வாங்கிய வண்டியைத் தன் ரசனைப்படி வைத்துக்கொள்ள நினைப்பதில் தப்பே கிடையாது. ஆனால் எதை மாற்றினாலும், அதனால் வண்டி நன்றாக ஓடுமா, யாருக்காவது உபகாரம் உண்டா, யாருக்காவது தொந்தரவு உண்டா என்று முதலில் பாருங்கள். சுந்தரம் அய்யங்கார் வண்டியில் செய்த மாற்றங்கள் எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பயணிக்காகச் செய்தவை. ராத்திரி 11 மணிக்கு மூன்றாவது மாடிக் கைக்குழந்தையை எழுப்பிவிடும் சைலன்சரால் வண்டிக்கோ மனிதருக்கோ ஒரு பலனும் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேஸ் கிட் பொருத்துவதென்றால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

கடைசியாக, கரி பஸ் காலத்து எச்சரிக்கை ஒன்று இன்றும் பொருந்தும். அன்று ஷெட்டில் பயமுறுத்திய அதே கார்பன் மோனாக்சைடு உங்கள் பெட்ரோல் கார் புகையிலும் உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் ஏ.சி. போட்டுக்கொண்டு என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, பை எடுக்க மாடிக்குப் போகவும் வேண்டாம். எல்லாரும் வந்து ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்து, உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.