பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் அம்மையார்

தொழிலாளியின் கூலியைத் தடுப்பன வேலையின்மை, முதுமை, நோய் என்னும் மூன்றுமாம். இவற்றுள் முதலிரண்டிற்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் சட்டத்தின் வாயிலாகப் பரிகாரம் தேடியவர்களில் தலைசிறந்தவர் பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். மூன்றாவதாகிய நோயோ அவருடைய சொந்த இல்லத்திலேயே குடிகொண்டிருந்தது. தொழிலாளர் நலத்தில் கருத்துடையோர் யாவரும் அவர் சரித்திரத்தை அறிதல் நலமென்று கருதுகிறோம்.

1880-ம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்த அம்மையார், 1902-ல் மவுண்ட் ஹோலியோக் கலாசாலையில் பட்டம் பெற்றார். பின்னர் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்னும் ஸ்தாபனத்தில் ஏழைகளிடையே ஊழியம் புரிந்தார். 1911 மார்ச்சு 25-ந் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. வாயிற்கதவொன்று பூட்டப்பட்டிருந்தமையால் வெளியேற வழியின்றி, தீயில் வெந்தும் மாடி ஜன்னல்களினின்று குதித்தும் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்பை நாடி வந்து குடியேறிய இளம் பெண்கள். அருகிலிருந்த அம்மையார் விரைந்து வந்து அக்கோரத்தை நேரிற் கண்டார். தொழிலாளரைக் காக்கும் சட்டங்களுக்காக உழைப்பதே அன்றுமுதல் அவர் விரதமாயிற்று.

1913-ல் அவர் பால் வில்ஸன் என்பவரை மணந்தார். சில ஆண்டுகளுக்குள் கணவரை மனநோய் பற்றியது. அடிக்கடி வைத்திய விடுதிகளில் தங்க நேர்ந்தது, கைப்பொருளும் கரைந்தது. கணவரின் சிகிச்சைக்கும் மகளின் வளர்ப்புக்கும் அம்மையாரின் சம்பளமே ஆதாரம். மனநோயை இகழ்ச்சிக்குரியதாக உலகம் எண்ணிய காலமாதலின், இத்துயரை அவர் வெளியிற் பேசினாரல்லர்.

1933-ல், நால்வரில் ஒருவர் வேலையிழந்து தவித்த காலத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைத் தொழில் மந்திரியாக அழைத்தார். தம் திட்டங்களைக் கூறி இசைவு பெற்ற பின்னரே அம்மையார் பதவியை ஏற்றார். அந்நாட்டு மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1935 ஆகஸ்டு 14-ந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. தொழிலாளியும் முதலாளியும் சமமாகச் செலுத்தும் வரியினின்று முதியோருக்கு உபகாரச் சம்பளமும், முதலாளிகள் செலுத்தும் வரியினின்று வேலையிழந்தோருக்கு உதவியும் ஏற்பட்டன. 1937-ல் சுப்ரீம் கோர்ட்டும் அச்சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் எனத் தொடங்கி, குழந்தை உழைப்பைத் தடுத்த சட்டம் 1938-ல் வந்தது.

எனினும் குறைகளை நாம் மறைத்தல் தகாது. வயலில் உழைப்போரும் வீட்டு வேலை செய்வோரும் 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கப்பட்டனர். நீக்ரோ மக்களிற் பெரும்பகுதியினர் இவ்வாறு பயனிழந்தனர். அம்மையார் விரும்பிய நோய் இன்ஷுரன்ஸ் திட்டமோ வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்புக்கஞ்சிக் கைவிடப்பட்டது. வேலையிழந்தவனுக்கு வழி பிறந்தது. உடலோ மனமோ நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாதவன் குடும்பத்தையே நம்பி நின்றான். மந்திரியின் சம்பளம் உடைய இல்லத்தையே அத்துணை வருத்திய நோய், அன்றாடங்காய்ச்சியின் குடிசையில் என்ன செய்யாது?

பன்னிரண்டு ஆண்டு மந்திரியாயிருந்து 1945-ல் விலகிய அம்மையார், 1965 மே 14-ந் தேதி காலமானார். மனநோயால் கூலியிழந்தவனுக்கு மருந்தோடு அவன் வீட்டு அடுப்பெரியவும் வழி செய்தல் அரசின் கடமையே; அது தருமமன்று, உரிமை. ஆட்சி செலுத்துவோர் இதனைச் சிந்திப்பாராக.