கைக்குள் அடங்கிய விளையாட்டரங்கு

விளையாட்டுப் பொருள் செய்த ஒருவரின் வரலாறு இலக்கியப் பக்கத்துக்கு ஏற்றதாமோ என வினவுவோர் உளர். ஏற்றதே என்பது என் துணிபு. மனிதர் தம் ஓய்வை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதும் பண்பாட்டின் ஒரு கூறே. அவ்வோய்வின் வடிவத்தை உலகெங்கும் மாற்றியவர்களுள் யப்பானியராகிய குன்பெய் யொக்கோய் முதன்மையானவர்.

அவர் 1941ஆம் ஆண்டு கியோத்தோ நகரிற் பிறந்தார். அந்நகரிலுள்ள தோசிசா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் கற்றார். பெரிய மின்கருவி நிறுவனங்களில் இடம் கிடையாமையால், 1965இல் நின்ரெண்டோ என்னும் கொம்பனியிற் சேர்ந்தார். 1889இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் மலர்ச்சீட்டுகளை அச்சிட்டு விற்றுவந்தது. சீட்டுச் செய்யும் பொறிகளைப் பேணிப் பழுதுபார்ப்பதே யொக்கோய்க்கு வாய்த்த தொழில்.

பொறிகள் பழுதின்றி ஓடும் வேளையில் அவருக்கு வேலை இல்லை. பொழுதுபோக்காக, மடிந்து நீளும் சட்டங்களாலான செயற்கைக் கை ஒன்றைச் செய்தார். தலைவர் யமவுச்சி அதனைக் கண்டார். கண்டிப்பார் என எதிர்பார்த்த இளைஞருக்கு, அதையே விற்பனைப் பொருளாக்குமாறு கட்டளை கிடைத்தது. 1966இல் வெளிவந்த அவ்விளையாட்டுக் கை பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பழுதுபார்ப்பவர் பொருள் படைப்போரானார்.

1969இல் அவர் செய்த காதல்மானியும் குறிப்பிடத்தக்கது. இருவர் கைகோத்து, மற்றைக் கைகளால் இரு உலோகக் குமிழ்களைப் பற்றவேண்டும். உடல்களினூடே செல்லும் மின்னோட்டத்துக்கேற்ப முள் அசைந்து அன்பின் அளவைக் காட்டும். மின்னோட்டம் அன்பை அளவாது என்பதை அவரும் அறிவார், வாங்கியவரும் அறிவர். ஆயினும் கூச்சமுள்ள இளையோர் கைகோப்பதற்கு அஃது ஒரு சாட்டாயிற்று. முள் எங்கே நிற்கும் என ஊகிக்கும் அக்கணமே விளையாட்டு. கருவியைவிடக் கருவியைப் பிடித்திருக்கும் மனிதரை அவர் நன்கு கற்றிருந்தார் என்பதற்கு இஃதொன்றே போதுமான சான்று.

எழுபதுகளின் பிற்பகுதியில், அதிவேகப் புகைவண்டியொன்றில் அலுவலர் ஒருவர் சலிப்பு மிகுந்து கணிப்பானின் பொத்தான்களை அழுத்தி விளையாடுவதை யொக்கோய் கண்டார். வளர்ந்த மனிதர் பிறர் காண விளையாட நாணுவர். ஆனால் விளையாட்டின் மீதுள்ள ஆசை அவரை விட்டகல்வதில்லை. மடிமீது குவித்த இரு கைகளுக்குள் மறையக்கூடிய மெல்லிய கருவி இருக்குமாயின், பெருவிரல்களை மட்டும் அசைத்து ஒருவரும் அறியாமல் விளையாடலாமன்றோ? சாரதி வாராத ஒருநாள் தலைவரின் மோட்டார் வண்டியைத் தாமே ஓட்டிச் செல்கையில், இவ்வெண்ணத்தை யொக்கோய் அவரிடம் தெரிவித்தார்.

கணிப்பான் உற்பத்தியாளரிடையே எழுந்த கடும் போட்டியால் திரவப் படிகத் திரைகள் அக்காலத்தில் மலிந்திருந்தன. கணிப்பானில் இலக்கத்தின் கூறுகள் முன்னரே பொறிக்கப்பட்டு, வேண்டியவை மட்டும் கருமையாகத் தோன்றும். அவ்வாறே பந்து நிற்கக்கூடிய இடங்கள் அனைத்தையும் பொறித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுவித்தால், கண் அதனை அசைவாகக் கொள்ளும். 1980இல் வெளிவந்த இக்கருவி விளையாட்டோடு கடிகாரத்தையும் கொண்டிருந்தமையால் ‘கேம் அன்ட் வோட்ச்’ எனப் பெயர்பெற்றது. இவ்வரிசைக் கருவிகள் நான்கு கோடிக்கு மேல் விற்பனையாயின. 1982இல் இவ்வரிசையில் அவர் அமைத்த சிலுவை வடிவப் பொத்தான், கண் பாராமலே விரல் திசையறிய உதவியது.

புதுமை ஓய்ந்து, நன்கு பழகி, மலிந்துபோன நுட்பத்தைப் பிறர் எண்ணாத வேறொரு பயனுக்குத் திருப்புக என்பதே அவரது கொள்கை. 1989இல் வந்த ‘கேம் போய்’ அதன் முழுமையான பயன். ஒகாடா முதலிய உடனுழைப்பாளர் துணையோடு உருவான அக்கருவிக்கு வண்ணமில்லை, திரைக்குள் ஒளியுமில்லை. போட்டியாளர் வண்ணத் திரைகளோடு வந்தனர். ஆனால் அவை ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்திற் குடித்துத் தீர்த்தன. இதுவோ நான்கு பற்றரிகளில் நெடுநேரம் உழைத்தது, விலையும் குறைந்தது. மொஸ்கோவில் 1984இல் பஜித்நோவ் ஆக்கிய ‘ரெட்றிஸ்’ என்னும் கட்டையடுக்கும் விளையாட்டு இதனோடு சேர்ந்து வீடுதோறும் புகுந்தது. வண்ணம் பெற்ற வழித்தோன்றலையும் சேர்த்து, விற்பனை பதினொரு கோடியைக் கடந்தது.

வெற்றி என்றும் ஒருவரோடு நிற்பதில்லை. 1995இல் வந்த ‘வேர்ச்சுவல் போய்’ செந்நிறக் கோடுகளால் ஆழத் தோற்றம் காட்டியது. மேசைமேல் வைத்து, முகத்தைப் பதித்து நோக்கவேண்டிய அக்கருவி கண்ணையும் கழுத்தையும் வருத்தியது. விரைவில் விற்பனை நிறுத்தப்பட்டது. கையிலும் மடியிலும் விளையாட்டை வைத்தவர், அவ்விடத்தை விட்டு நீங்கியபோதே தோற்றார் என்பது என் கணிப்பு. 1996இல் நிறுவனத்தைவிட்டு விலகினார். இத்தோல்வி அதற்குக் காரணமன்று என்றே தெரிவித்தார். பின் ‘கோட்டோ’ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்.

1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, இசிக்காவா மாகாண நெடுஞ்சாலையில் நேர்ந்த மோதலையடுத்து வண்டியைவிட்டு இறங்கியவரை, மற்றொரு வண்டி மோதிக் கொன்றது. அகவை 56. அவர் பங்கேற்று உருவாக்கிய ‘வொண்டர்சுவான்’ 1999இல் வெளிவந்தது. ஒரேயொரு பற்றரியில் இயங்கிய அக்கருவிக்கென ஆக்கப்பட்ட புதிர் விளையாட்டொன்று அவர் பெயரையே தாங்கிற்று.

இன்று மாணாக்கர் கையிலுள்ள திரையைக் கண்டு வருந்தும் ஆசிரியர்கள், இவரே இதற்கு வித்திட்டவர் என நினைத்தல் கூடும். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் முழு உண்மையன்று. யொக்கோயின் முதற் கருவியில் இருந்தது ஒரு விளையாட்டும் ஒரு கடிகாரமுமே. இரு நிலையங்களுக்கிடைப்பட்ட சலிப்பைப் போக்குவதே அதன் வேலை. நிலையம் வந்ததும் அது சட்டைப் பைக்குட் சென்றது. முடிவின்றித் தொடரும் இன்றைய திரைக்கு அவ்வடக்கம் இல்லை. விளையாட்டை நாம் குறை கூறவேண்டியதில்லை. அதனோடிருந்த கடிகாரத்தை மறந்தோமே, அதனையே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.